ஒழுகாத அறையில் இருந்த ஆபத்து: ஒரு பழைய வீட்டின் தள ஆய்வு

பின்னணி

மன்னார்குடி பக்கம் ஒரு தெரு வீடு. இரண்டு பக்கமும் பொதுச் சுவர், முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள், மகன் பெங்களூரில். 2021 வடகிழக்குப் பருவமழை எல்லா ஊரிலும் கொட்டித் தீர்த்த வருஷம். அந்த நவம்பரில் இவர்கள் கூடத்தில் அண்டா, வாளி, எண்ணெய்ச் சட்டி என்று இருந்ததையெல்லாம் பரப்பி வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். மழை விட்டதும் மகன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு வாங்கிவிட்டார்: முன் பாதியை மொத்தமாக இடித்துவிட்டு கான்கிரீட் போடுவது. அப்பாவுக்கு மனசில்லை. "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒழுங்கா பார்த்துச் சொல்லட்டும் தம்பி, அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். 2022 ஜனவரி, பொங்கல் கழிந்து போனேன்.

வீடு இரண்டு காலத்து வீடு. முன் பாதி 1930களில் கட்டியது, மெட்ராஸ் டெரஸ் தளம். தெரியாதவர்களுக்காக: தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடி இடைவெளியில் சுவரில் ஏற்றி, அதன்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சாய்வு வரிசையில் சுண்ணாம்பால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இந்தத் தளம் மூச்சு விடும், அதாவது உள்ளே போன ஈரம் வெயிலில் வெளியே வந்துவிடும். பின் பாதி 1987-ல் சேர்த்த சாதாரண கான்கிரீட் தளம்: சமையலறை, ஒரு படுக்கையறை, கூடத்தின் பின்பகுதி. இரண்டு தளமும் கூடத்தின் நடுவில் சந்திக்கின்றன, கான்கிரீட் தளம் நாலு அங்குலம் உயரம்.

அதற்கு முன் நடந்தவை

நான் போவதற்கு முன்பே இந்தத் தளத்தின் மேல் நிறைய நடந்திருந்தது. 2004-ல் பின்பக்கம் குளியலறை கட்டியபோது, கான்கிரீட் தளத்தின் இரண்டு மழைத்தண்ணீர்க் குழாய்களில் ஒன்றை அடைத்திருக்கிறார்கள். 2016-ல் வெயில் தாங்கவில்லை என்று அதே கான்கிரீட் தளத்தில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தார்கள், அங்கே இருந்த பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, பக்கத்து மனைத் தென்னை சாய்ந்து முன்பக்கக் கைப்பிடிச் சுவரின் தென்மூலையை இடித்துவிட்டது. ஊரே மேஸ்திரிக்கு அலைந்த நேரம், கிடைத்த ஆளை வைத்து சிமெண்டில் கட்டிப் பூசினார்கள். 2019-ல் ஒரு நீர்க்காப்பு பூச்சுக்காரர் வந்து, பத்து வருஷம் கேரண்டி என்று சொல்லி, முன் பாதி முழுவதும் ரப்பர் மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டுப் போனார். இரண்டாவது மழையிலேயே கொப்புளம் கிளம்பிவிட்டது.

இத்தனை பேரில் ஒருவரும் வீட்டுக்குள் வந்து கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. அத்தனை பேரும் நேரே மாடிக்குப் போய், நடந்து பார்த்துவிட்டு, ரேட் சொன்னவர்கள். தள ஆய்வு என்றால் நம் ஊரில் பெரும்பாலும் இதுதான்.

முதலில் கேட்டது

மாடிக்குப் போவதற்கு முன் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். எங்கே ஒழுகுகிறது என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். எப்போது ஒழுகுகிறது என்பதுதான் வேண்டும். அதை வீட்டு அம்மாதான் சொன்னார், ஐயாவுக்குப் பாதி தெரியவில்லை.

கூடத்துச் சொட்டு மழை ஆரம்பித்த உடனே வராது. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும், மழை விட்டபிறகும் இரண்டு நாள் சொட்டும். சமையலறை மூலைக் கறை வேறு மாதிரி: "அது சித்திரையிலயும் காயாதுங்க தம்பி, கத்திரியில கையை வச்சாக்கூட ஜில்லுனு இருக்கும்." முன்னறையில் ஒழுகலே கிடையாது. சுவரின் தலைப்பில் உப்பு பூத்துச் சுண்ணாம்பு உதிர்கிறது, அவ்வளவுதான். அந்த அறையில்தான் இரண்டு பேரும் படுக்கிறார்கள்.

இந்த மூன்று வாக்கியத்தில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. மழை விட்டும் நீடிக்கிற சொட்டு என்றால் மேலே எங்கோ ஈரம் தேங்கி நின்று மெதுவாக இறங்குகிறது. மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் என்றால் முதல் சந்தேகம் தண்ணீர்க் குழாய் மேல். ஒழுகலே இல்லாமல் சுவர்த் தலைப்பில் உப்பு என்றால் தண்ணீர் தளத்தைத் தொடாமல் சுவர் வழியாக இறங்குகிறது. இதெல்லாம் சந்தேகம்தான், இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும்.

உள்ளேயிருந்து பார்த்தது

ஒவ்வொரு அறையாக, ஒரே பக்கமிருந்து தொடங்கி, கூரையைப் பார்த்து ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டேன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, கூரையோடு கூரையாகப் படுக்க வைத்து அடித்தால்தான் வீக்கமும் விரிசலும் நிழல் விழுந்து தெரியும். ஈரமானியை வைத்துப் பார்த்த எண்களையும் குறித்தேன், ஆனால் உப்பு ஏறிய சுவரில் அது கூட்டியே காட்டும், ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட மட்டுமே அதை நம்பலாம்.

கான்கிரீட் பாதியில், சமையலறைக் கூரையிலும் பின்பக்க சன்ஷேடின் அடியிலும் கம்பி ஓடும் திசையில் நீள விரிசல், துருக் கறை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும், விட்டுப்போன இடம் பொள்ளலாகச் சத்தம் போடும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஒரு இடத்தில் கொத்திப் பார்த்தால் கம்பிக்கு மேல் இருந்த கான்கிரீட் மூடல் 10 முதல் 12 மி.மீ. மட்டுமே. அந்தக் காலத்து விதிமுறையே 15 மி.மீ. கேட்டது. கொத்திய புது முகத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்தோம். காரத்தன்மை இருக்கிற கான்கிரீட் ரோஸ் நிறம் காட்டும், காற்றின் கரியமில வாயு ஏறி அதை இழந்த பகுதி நிறம் மாறாது. இங்கே 20 மி.மீ. ஆழம் வரை நிறமே வரவில்லை. அதாவது கம்பிக்கு இருந்த இயற்கையான பாதுகாப்பு எப்போதோ போய்விட்டது, ஈரம் கிடைத்த இடத்திலெல்லாம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடியில் இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. 8 மி.மீ. கம்பி மோசமான இடத்தில் 7.5 இருந்தது, குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு காலி. கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் இடிக்க வேண்டிய நிலை இல்லை.

முன்னறையில் கட்டைகள் வெளியே தெரிகின்றன, அதனால் வேலை எளிது என்று தோன்றும். ஒன்பது கட்டை. ஒவ்வொன்றின் இரண்டு முனைக்கும் நூல் கட்டி நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்தோம். ஏழு கட்டைகள் 5, 6 மி.மீ.க்குள் இருந்தன, தொண்ணூறு வருஷத் தேக்குக்கு அது ஒன்றுமே இல்லை. தென்சுவரை ஒட்டிய இரண்டு மட்டும் 17, 19 மி.மீ. பதினோரு அடி நீளத்துக்கு 14-ஐத் தாண்டினாலே நான் நின்று பார்ப்பேன். அதைவிட முக்கியம், அந்த இரண்டு கட்டையிலும் தொய்வு நடுவில் இல்லை, தெரு ஓரத்து முனைப் பக்கமே இறங்கியிருந்தது. சுவரை ஒட்டித் திருப்புளியால் குத்தினேன். மற்றக் கட்டைகளில் முனை உள்ளே போகவில்லை. இந்த இரண்டில் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

ஐயாவிடம் கேட்டுவிட்டு, அந்த முனைகளைச் சுற்றிச் சுவர்ப் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குத் தட்டி எடுத்தோம். சுவருக்குள் இருந்த பகுதி கையில் எடுத்தால் தூளாக வந்தது. மக்கியது பாதி, கரையான் பாதி. தளம் அங்கே கட்டையின் மேல் நிற்கவில்லை, சுண்ணாம்பு ஒட்டின பிடியிலும் பக்கத்துக் கட்டைகளின் தயவிலும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கட்டில்.

மீதி ஆய்வை அங்கேயே நிறுத்தினோம். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம், சாயங்காலத்துக்குள் மேஸ்திரி நாலு இரும்பு ஜாக்கியும் ஒரு பலகையும் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். அறிக்கை எழுதி, மகனிடம் பேசி, பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

மேலே பார்த்தது

மறுபடி போனது காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில். பழைய தளத்தில் அந்தத் தென்மூலைப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டினோம். மேஸ்திரியின் ஆட்கள் தளத்தில் குதித்து நடக்கிற பழக்கம் உள்ளவர்கள், சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் முதலில் விழுகிறது. தென்மூலையில் கஜாவுக்குப் பிறகு கட்டிய துண்டு பழைய சுவரோடு கோர்க்கப்படவே இல்லை, ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் விரிசல், உள்ளே ஒரு அரசங்கன்று. சுவரின் தலையில் தண்ணீர் வடிய வாட்டம் இல்லை, சுவரும் தளமும் சேரும் மூலையில் உருட்டிப் பூசவும் இல்லை. விரிசலில் விழுகிற தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கி, நாலடி கீழே இருக்கிற கட்டை முனையில் போய்ச் சேர்கிறது. பழையபடி சுண்ணாம்புச் சுவராகவே விட்டிருந்தால் வெயிலில் காய்ந்திருக்கும். ஆனால் உள்பக்கம் கைப்பிடிச் சுவரின் மேல்வரை ஏற்றி அடித்த அந்த ரப்பர் பூச்சு, வெளிப்பக்கம் சிமெண்ட் பூச்சு, இரண்டுக்கும் நடுவில் ஈரம் பூட்டிக் கிடந்தது.

அடுத்தது தளத்தின் வாட்டம். சமமட்டக் குழாயை வைத்து நாலு பக்கமும் மட்டம் எடுத்தோம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பார்த்தாலே போதும், அதைக்கூட யாரும் செய்வதில்லை. அறுபதுக்கு ஒன்று வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. இங்கே கூலிங் டைல்ஸ் பதித்தவர் மிச்சமிருந்த ஒரே குழாயை நோக்கிக் கொஞ்சம் வாட்டம் கொடுத்துவிட்டு, பாதித் தளத்தை எதிர்த் திசையில் விட்டுவிட்டார். அந்தத் தண்ணீர் முழுவதும் பழைய தளத்தோடு சேரும் இணைப்புக்கு வருகிறது. 60 சதுர மீட்டர் தளத்தில் ஒரு மணி நேரத்துக்கு 50 மி.மீ. பெய்தால் 3,000 லிட்டர். அதற்கு இருந்தது ஒரு மூன்று அங்குலக் குழாய், அதன் வாயில் வேப்பிலை. இணைப்பில் சிமெண்டைப் பூசி மூடியிருந்தார்கள். மரத்தளமும் கான்கிரீட் தளமும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, சிமெண்ட் அங்கே ஒரு கோடை தாங்கினால் ஆச்சரியம்.

பழைய தட்டோட்டின் மேலேயே டைல்ஸ் பதித்ததில் இன்னொரு சங்கடம் எடை. கலவையும் டைல்ஸும் சேர்த்து இரண்டு அங்குலம் என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, மேலே வரும் பளுவுக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்வதே சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்குதான். போதாததற்கு 1,000 லிட்டர் தொட்டி, நிரம்பினால் ஒரு டன், தளத்தின் நட்டநடுவில் செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தது.

டிஷ் ஆன்டெனாவின் போல்ட், துணிக் கொடிக்கு அடித்த இரும்புக் கம்பி, கேபிள்காரர் போட்ட ஓட்டை என்று தளத்தைத் துளைத்துப் போகிற எல்லாவற்றையும் எண்ணி வரைபடத்தில் குறித்தோம். இவற்றில் கொடிக்கம்பி ஒன்றின் அடியில் மட்டும் விரிசல் இருந்தது. பக்கத்து வீட்டுத் தளத்தையும் அவர்கள் அனுமதியோடு எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய தூம்பு ஒன்று நம் வடக்குச் சுவரை ஒட்டியே கொட்டுகிறது.

தண்ணீர் விட்டுச் சோதித்தது

தொட்டியில் இருந்து தொடங்கினோம். இரவு வீட்டுக்குள் எல்லா வால்வையும் மூடிவிட்டுத் தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டோம். காலையில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது, அந்தத் தொட்டியின் அகலத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர். அடுத்த இரவு தொட்டியின் வாயிலேயே வால்வை மூடினோம், இறங்கவில்லை. அப்படியானால் கசிவு தொட்டிக்கும் வீட்டு வால்வுக்கும் நடுவில், அந்தக் குழாயோ டைல்ஸுக்கு அடியில் புதைந்து போகிறது. பெயர்த்துப் பார்த்தபோது குழாய் திரும்பும் ஒரு எல்போ மூட்டில் வியர்வை மாதிரி துளிர்த்துக்கொண்டிருந்தது. சமையலறை மூலைக் கறையின் கதை அவ்வளவுதான். இதற்காகத்தான் 2016-லிருந்து அந்த மூலையில் வருஷாவருஷம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கான்கிரீட் தளத்தில் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். குழாய் வாயை அடைத்து, களிமண் வரப்பு கட்டி, தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஆழமான இடத்தில் ஒரு அங்குலம் நிற்கும்படி 48 மணி நேரம். தளத்தின் நடுவில் ஒன்றும் இல்லை. இணைப்பை ஒட்டிய பகுதிக்குத் தண்ணீரை நகர்த்தியபிறகுதான் கூடத்தில் சொட்டு வந்தது, அதுவும் மின்விசிறிக் கொக்கி வழியாக. அது தளத்தின் ஓட்டை இருக்கிற இடம் அல்ல, இணைப்பிலிருந்து ஐந்தடி தள்ளி. வயர்க் குழாய்க்குள் ஓடி வந்து அங்கே வெளியேறியிருக்கிறது. முன்பு வந்தவர்கள் கொக்கிக்கு நேர் மேலே டைல்ஸைப் பெயர்த்துப் பூசியிருந்தார்கள், பாவம்.

பழைய தளத்தில் தண்ணீர் கட்டக் கூடாது என்று முடிவெடுத்தோம். மேஸ்திரி கேட்டார், "ஏன் சார், அங்கயும் கட்டிட்டா ஒரே நாள்ல தெரிஞ்சுடுமே?" தெரியும்தான். ஆனால் ஒரு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ, முனை மக்கின கட்டையின் மேல் அந்தப் பளுவை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கிற சோதனை தேவையில்லை. அங்கே பூவாளி வைத்த ரப்பர் குழாயால் மழை மாதிரி நனைத்தோம். கீழ்ப்பகுதியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும்: முதலில் தளம் மட்டும் அரை மணி, காத்திருப்பு, பிறகு சுவர் மூலை, பிறகு கைப்பிடிச் சுவரின் முகம், கடைசியில் உச்சி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்துவிடும், எது காரணம் என்று சொல்ல முடியாது. தளத்தை நனைத்தபோது அறையில் ஈரமானி அசையவில்லை. தென்மூலை உச்சியை நனைத்த பிறகு கட்டை முனைப் பொந்தில் ஈரம் ஏறியது.

என்ன முடிவு, ஏன்

எழுதிக் கொடுத்த அறிக்கையில் வரைபடம், தேதி போட்ட படங்கள், ஒவ்வொரு கட்டையின் அளவு எல்லாம் இருந்தன. அதோடு, எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்று தனியாக ஒரு பக்கம்: வடக்குச் சுவருக்குள் இருக்கும் கட்டை முனைகள், பக்கத்து வீட்டுப் பக்கத்துச் சுவர் முகம், சமையலறைப் பரணுக்குப் பின்னால் உள்ள கூரை. இந்தப் பக்கம் இல்லாத அறிக்கையை வாங்கவே வாங்காதீர்கள் என்பேன்.

மகனோடு போனில் நீண்ட பேச்சு. அவருக்குச் செலவைவிட அப்பா அம்மாவின் பாதுகாப்புதான் பயம், அது நியாயம்தான். மூன்று வழி வைத்தேன்: முன் பாதியை இடிப்பது, கட்டைகளை மட்டும் மாற்றித் தளத்தைத் திரும்பப் போடுவது, கெட்ட முனைகளுக்குத் தாங்கல் கொடுத்துத் தண்ணீர் வரும் வழியை நிறுத்துவது. நான் மூன்றாவதைச் சொன்னதற்குக் காரணம் பழைமை மேல் காதல் இல்லை. ஒன்பதில் ஏழு கட்டை திடமாக இருந்தது, பழைய தளம் தன்னளவில் எங்கும் ஒழுகவில்லை. இரண்டு பக்கமும் பொதுச் சுவர் இருக்கும்போது இடித்தால் பக்கத்து வீட்டுக் கட்டை முனைகளுக்கு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒழுகலுக்குக் காரணமான தவறுகள் பெரும்பாலும் 1987 தளத்திலும் அதன் மேல் செய்த வேலைகளிலும் இருந்தன, முன் பாதியை இடித்திருந்தாலும் சமையலறை ஈரம் அப்படியேதான் இருந்திருக்கும். அவர் யோசித்துவிட்டு, அடுத்த மழை வரை பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

வேலை

வேலை மாசியில் ஆரம்பித்து ஆனியில் முடிந்தது. கட்டை முனைகளுக்குக் கீழே சுவரை ஒட்டி ஒரு இரும்புச் சேனல், இரண்டு ஓரமும் புதிய செங்கல் தூண்களில். மக்கிய பகுதியை வெட்டி எறிந்தோம், நல்ல மரம் வருகிற இடம் வரை கரையான் மருந்து. கைப்பிடிச் சுவரின் தென்மூலையைப் பிரித்துச் சுண்ணாம்புக் கலவையில் பழைய சுவரோடு கோர்த்துக் கட்டினோம், தலையில் வெளிப்பக்கம் சொட்டும்படி வாட்டம். ரப்பர் பூச்சைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நாள் ஆனது, சித்தாள்கள் திட்டிக்கொண்டே செய்தார்கள். தட்டோட்டு மூட்டுகளைக் கீறி சுண்ணாம்பு அடைத்தோம், அதற்குத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் திருவாரூர் பக்கமிருந்து வந்தார்.

பின் பாதியில் இரண்டு அடுக்கையும் பெயர்த்துவிட்டு, புதிதாகச் செங்கல் ஜல்லி போட்டு கொல்லைப் பக்கம் வாட்டம், இரண்டு நாலங்குலக் குழாய். இணைப்பில் கான்கிரீட் ஓரமாக ஒரு சின்னக் கட்டு ஏற்றி, இடைவெளியை நெகிழும் சீலன்ட்டால் அடைத்து, மேலே ஒரு தகட்டை ஒரு பக்கம் மட்டும் பிணைத்து மூடினோம், இரண்டு தளமும் அதனதன் போக்கில் அசையட்டும் என்று. தொட்டி இரண்டு சுவர் சேரும் மூலைக்குப் போனது, குழாய் தளத்துக்கு மேலேயே, கண்ணில் படும்படி. துருக் கம்பிகளைச் சுற்றி உடைத்து, தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் மூடினோம். மொத்தச் செலவு இடித்துக் கட்டும் மதிப்பீட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழ்.

அடுத்த மழைகளில்

2022 ஐப்பசி, கார்த்திகையில் கூடத்தில் சொட்டு இல்லை. படிக்கட்டு அறை வாசலில் மட்டும் ஒரு ராத்திரி சாரல் புகுந்து கீழே ஒரு படி நனைந்தது. அங்கே நிலைப்படி தளமட்டத்துக்கு இருந்தது, மூன்று அங்குலம் உயர்த்தினோம். சமையலறை மூலை உடனே காயவில்லை, குழாய் சரிசெய்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஈரமானி மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. முன்னறைச் சுவரில் உப்பு இன்னொரு வருஷமும் பூத்தது. அம்மா பதறினார், உள்ளே இருந்த ஈரம் வெளியே வருகிறது, துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள் என்று சொல்லி வைத்தோம். 2023 மழை முடிந்து நூல் கட்டி அளந்ததில் ஒன்பது கட்டையும் 2022 அளவிலேயே இருந்தன. கட்டில் முன்னறைக்குத் திரும்பிவிட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதைப் போன்ற வீட்டுக்கு இனி ஆய்வை இரண்டு பகுதியாக வைக்க வேண்டும், ஒன்று காய்ந்த காலத்தில், இன்னொன்று மழை பெய்துகொண்டிருக்கும்போதே. குழாயால் நனைப்பது மழைக்கு முழு மாற்று ஆகாது, காற்றோடு அடிக்கிற சாரலை அதில் காட்ட முடியாது. படிக்கட்டு அறை வாசல் முதல் ஆய்வில் சிக்காததற்குக் காரணம் அதுதான். நேரில் போக முடியாவிட்டால், ஒழுகும்போது மணி தெரியும்படி போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லலாம், இந்த அம்மா மாதிரி நினைவு எல்லோருக்கும் இருக்காது.

கட்டை முனையைத் திறந்து பார்க்க அனுமதியை ஆரம்பத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. வெளியே தெரிகிற கட்டை திடமாக இருப்பதை வைத்துச் சுவருக்குள் இருப்பதை முடிவு கட்டவே கூடாது, நான் பார்த்த மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மின் பணியாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விசிறிக் கொக்கியில் தண்ணீர் வந்த பிறகு அந்த வயரிங் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தனியாக ஒருவரைத் தேட வேண்டியிருந்தது, அதுவரை கூடத்தில் மின்சாரத்தை அணைத்தே வைத்திருந்தோம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கிறதுக்கு எதுக்குத் தனியாகக் காசு என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். பூச்சு விற்கிறவர் இலவசமாகத்தான் பார்க்கிறார், அவர் பார்வை எந்தத் தீர்வில் போய் முடியும் என்பது அவர் வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிந்த விஷயம். ஆய்வு செய்கிறவரும் வேலை எடுக்கிறவரும் வேறு வேறாக இருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும். இந்த வீட்டில் அப்படித்தான் செய்தோம், மேஸ்திரிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தூம்பு இன்னும் வடக்குச் சுவரை ஒட்டித்தான் கொட்டுகிறது. அவர்களிடம் பேசியாகிவிட்டது, குழாய் வைக்கிறோம் என்கிறார்கள், வைக்கவில்லை. அந்தச் சுவருக்குள் இருக்கிற கட்டை முனைகளைத்தான் அறிக்கையில் பார்க்க முடியாதவை என்று எழுதினோம், அதனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் வடக்குப் பக்கக் கட்டைகளுக்கு நூல் கட்டி அளந்து ஐயா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.